விடியுமட்டும் இருந்தனீங்களோ?

எங்கள் பக்கத்துக் கூத்துக்காரருக்கும் நாடகக்காரருக்கும் நாங்கள் வைத்த முதலாவது விருது விழா முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேடயத்தைக் கண்டோம். முன்வரிசை, மூன்றாவது கதிரை. அதை வாங்கியவர் பொன்னாடையை நாலாக மடித்து, அதன்மேல் கேடயத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போயிருந்தார். மறந்துவிட்டுப் போகிற பொருள் அப்படி இருக்காது. 'சிறந்த அண்ணாவியார் – 2016' என்று பொன்னிற எழுத்தில் அதில் பொறித்திருந்தோம். அண்ணாவியார் என்றால் கூத்தைப் பழக்கி, நின்று நடத்துகிற ஆசான்.

அடுத்த நாள் காலை அதை ஒரு பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு, முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் அவருடைய வீட்டுக்குப் போனேன். வேலி அடைத்துக்கொண்டு நின்றார். கையைக் கழுவிவிட்டு வந்து இருக்கச் சொன்னார். தேத்தண்ணி வந்தது. மழை, வயல், யானை என்று எல்லாம் கதைத்தார். கேடயத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. நான்தான் வாயைத் திறந்தேன்.

"கோவிக்காதையுங்கோ தம்பி" என்றார். "எங்கட கூத்து பங்குனியில கோயில் வாசல்ல நடந்தது. உங்கட ஆக்கள் ஆராவது வந்தனீங்களோ? விடியுமட்டும் இருந்தனீங்களோ? பிறகு உங்கட மண்டபத்தில இருபது நிமிசம் ஆடிக் காட்டச் சொன்னியள், காட்டினம். அதைப் பாத்திட்டு நான் நல்ல அண்ணாவியோ கூடாத அண்ணாவியோ எண்டு எப்பிடிச் சொல்லுவியள்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. கேடயத்தை அவர் வீட்டில் விட்டுவிட்டு வரவும் மனம் வரவில்லை. அதே பையில் திருப்பிக் கொண்டுவந்தேன். இன்றைக்கும் அது எங்கள் சனசமூக நிலைய அலுமாரியில் இருக்கிறது. தங்கள் ஊரிலும் கூத்துக்காரருக்கும் நாடகக்காரருக்கும் வருடாவருடம் ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்று சிலர் அண்மையில் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்கு அவரவர் ஊருக்கு ஏற்றபடி உதவட்டும் என்று, அந்தக் கேள்விக்குப் பிறகு நாங்கள் மாற்றியதையெல்லாம் எழுதுகிறேன்.

எங்களுக்கு இந்த எண்ணம் ஏன் வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2009 இல், போரின் கடைசிக் கட்டத்தில், வன்னிச் சனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தபோது மத்தளம், ஆர்மோனியம், உடுப்பு, அரசனுக்குக் கட்டுகிற முடி எல்லாம் போயின. அதைவிட, கூத்துக் கொப்பிகள் போயின. பாட்டனார் கையால் எழுதிய கொப்பி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்த கொப்பி, பதுங்கு குழிக்குள் நனைந்துபோன கொப்பி. மீளக்குடியேறியவர்கள் வீட்டுக்குக் கூரை போட்ட கையோடு கோயிலுக்கும் கொட்டகை போட்டார்கள். கொஞ்ச நாளில் கூத்தும் திரும்பி வந்தது. யாரும் திட்டம் போட்டு வரவில்லை. அண்ணாவிமார் நினைவிலிருந்து சொல்லச் சொல்லப் பொடியங்கள் எழுதினார்கள். அரசாங்கம் மூத்த கலைஞர்களுக்குக் கலாபூஷணம் கொடுக்கிறது, அரச நாடக விழாவும் நடக்கிறது. ஆனால் இரவு பத்து மணிக்கு மத்தளத்தைக் கட்டிக்கொண்டு காலை ஐந்து மணிவரை நின்று அடிக்கிற ஒரு மனிசனை, அவன் ஊர்ச் சனத்தின் முன்னால் மேடையில் ஏற்றி, இவன்தான் இந்த வருடம் எங்களை நித்திரைகொள்ள விடாதவன் என்று சொல்ல ஓர் இடம் இருக்கவில்லை. அதற்காகத்தான் தொடங்கினோம்.

தொடங்கிய விதம்தான் பிழை. எங்களுக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் பாடசாலைத் தமிழ்மொழித்தினப் போட்டி. கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம் என்று ஏறிப் போகிற போட்டி அது. அதில் நேரக் கட்டுப்பாடு இருக்கும், புள்ளித் தாள் இருக்கும். பிள்ளைகளுக்கு அது சரி. அதே தாளை எடுத்து, 'கணீர்க் குரல் 20, ஆட்டம் 20, ஒப்பனை 10' என்று அண்ணாவிமாரின் முன்னால் நீட்டினோம். விடிய விடிய ஆடுகிற கூத்தை இருபது நிமிடத்துக்குள் வெட்டிக்கொண்டு வரச் சொன்னோம். பகல் இரண்டு மணிக்கு, பொதுநோக்கு மண்டபத்தின் தகரக் கூரைக்குக் கீழே.

கூத்தைச் சுருக்குவதே பிழை என்று நான் சொல்லவரவில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரோடு சேர்ந்து கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எல்லாம் அப்படி வந்தவைதான். அவர்கள் அதற்காகவே இருந்து யோசித்துச் செய்தார்கள். எதை வைப்பது, எதை விடுவது என்பதே அங்கே ஒரு கலையாக இருந்தது. நாங்களோ நேரம் இல்லை என்பதற்காக வெட்டச் சொன்னோம். அது வேறு, இது வேறு.

அப்போது லண்டனில் இருக்கிற அக்காவின் மகள் அரங்கக்கலை படித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை அவளிடம் சொன்னேன். "மாமா, அங்கையெல்லாம் நாடகத்தை விருது மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொல்லமாட்டினம். பாக்கிற ஆக்கள்தான் நாடகம் நடக்கிற இடத்துக்குப் போவினம்" என்றாள். நியூயோர்க்கில் கொடுக்கிற டோனி விருதைப் பற்றி அவளிடம்தான் விபரமாகக் கேட்டேன். அன்ரோனெற் பெரி என்ற நடிகையும் நெறியாளருமான ஒரு பெண்ணின் நினைவாக 1947 இல் தொடங்கியது அது. எது போட்டிக்குள் வரும் என்பதற்குத் தெளிவான விதி உண்டு: பிராட்வே அரங்கு, குறைந்தது 500 இருக்கை. ஒரு பிரிவில் வாக்குப் போடுபவர் அந்தப் பிரிவில் தெரிவான எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். முதல் இரண்டு வருடமும் வென்றவர்களுக்குப் பதக்கம்கூட இல்லையாம். சுருள் பத்திரத்தோடு, ஆண்களுக்கு ஒரு சிகரெட் லைட்டர், பெண்களுக்கு ஒரு பவுடர்ச் செப்பு. பதக்கம் 1949 இல்தான் வந்தது. லண்டனின் ஒலிவியே விருது 1976 இல் வேறு பெயரில் தொடங்கி, 1984 இல்தான் லோறன்ஸ் ஒலிவியேயின் பெயரைப் பெற்றது. அங்கே நடுவர் குழுவில் நாடகம் பார்க்கிற சாதாரண பொதுமக்களையும் சேர்ப்பார்களாம்.

கேடயம் எந்தக் கடையில் அடிப்பது, எத்தனை அங்குலம் என்பதில் நாங்கள் மூன்று கூட்டம் கூடியிருந்தோம். யார் எங்கே போய்ப் பார்ப்பது என்பதற்கு ஒரு கூட்டமும் கூடவில்லை. அதை நினைக்க எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

இரண்டாம் வருடம் ஒரே ஒரு விதிதான் எழுதினோம். கூத்து எங்கே நடக்கிறதோ அங்கே, தொடக்கத்துக் காப்புப் பாட்டிலிருந்து முடிவில் பாடுகிற மங்களம் வரை இருந்து பார்த்தவர்தான் அதைப் பற்றி வாய் திறக்கலாம். மூன்று நடுவர். ஒருவர், ஆடி ஓய்ந்த ஒரு கூத்துக்காரர். போட்டிக்கு வராத ஊர்க்காரர். இன்னொருவர், உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ஆசிரியை. மூன்றாமவர் ஒரு அம்மா, முள்ளியவளைப் பக்கம். ஒருநாளும் ஆடவில்லை, பாடவில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து கோவலன் கூத்தைப் பார்த்துப் பார்த்து, எந்த இடத்தில் எந்தத் தரு (கூத்துப் பாட்டு) வரும் என்று மனப்பாடம். அவரைப் போட்டது எங்கள் குழுவிலேயே சிலருக்குப் பிடிக்கவில்லை, "அவவுக்கு என்ன தகுதி?" என்றார்கள். நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது இரவிலேயே, ஒரு பொடியன் கண்ணகியின் பாட்டில் இரண்டு அடியைத் தாவிப் போனதை மற்ற இருவரும் கவனிக்கவில்லை. அந்த அம்மா கவனித்தார். பிற்பாட்டுக்காரர் அவனைக் காப்பாற்ற அந்த இரண்டு அடியையும் தானே பாடி இணைத்ததையும் அவர்தான் கவனித்தார். அந்த வருடம் பிற்பாட்டுக்கு விருது போனது அந்த ஒரு கணத்துக்காகத்தான்.

இரவில் இருந்து பார்ப்பது என்றால் லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். நடுவர்களைக் கூட்டிப்போக ஒரு வான் பிடிக்க வேண்டும். வன்னியில் இரவு பதினொரு மணிக்குப் பிறகு காட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிளில் போவது சரியில்லை, யானை நிற்கும். நெடுங்கேணி வீதியில் ஒருமுறை ஒரு வளைவு திரும்பியதும் தந்தத்தோடு ஒரு கொம்பன்; எஞ்சினை நிறுத்திவிட்டு நாற்பது நிமிடம் மூச்சுக் காட்டாமல் இருந்தோம். அன்றைக்குக் காப்பும் கட்டியகாரன் வரவும் எங்களுக்குத் தவறிப்போயின. அந்தக் கூத்துக்கு அந்த வருடம் புள்ளி போடவில்லை. குழுத் தலைவரிடம் போய்க் காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, அடுத்த வருடம் முதலாவதாக உங்களிடம் வருவோம் என்று சொன்னோம். போனோம். அதன்பிறகு வெயில் இருக்கும்போதே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவு. போனால் ஒப்பனைக் கொட்டகையையும் பார்க்கலாம். முடி கட்டுகிறவர் யார், உடுப்பு தைத்தவர் யார், எட்டு வயதுப் பிள்ளைக்கு நித்திரை வராமல் கதை சொல்லிக்கொண்டிருப்பவர் யார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

கொண்டுபோக வேண்டியவை: ஒரு பாய், ஒரு போர்வை (மாசி, பங்குனியில் விடியப்புறம் பனி இறங்கும்), நுளம்புத்திரி, டோர்ச். கதிரை கேட்கக் கூடாது. நடுவர் என்று முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தால் ஆடுபவர்கள் உங்களைப் பார்த்து ஆடத் தொடங்குவார்கள், சனத்துக்கு முதுகு காட்டுவார்கள். அதை ஒருமுறை கண்ணால் கண்டபிறகுதான் பாய்க்கு இறங்கினோம். புள்ளித் தாளையும் இரவில் எடுப்பதில்லை. ஒரு சின்னக் கொப்பியில் நேரத்தையும் கண்டதையும் எழுதுவது, புள்ளி அடுத்த நாள் மத்தியானம் நித்திரை கொண்டு எழும்பியபிறகு.

எதைப் போட்டிக்குள் எடுப்பது என்பதிலும் ஆசை அதிகமாகிவிட்டது. முதல் அறிவித்தலில் 'வன்னி முழுவதும்' என்று போட்டோம். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும். ஒரு மாசி மாதத்தில் அத்தனை கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் மூன்று பேர் எப்படிப் போவது? அதைவிடப் பெரிய சிக்கல், மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்துக்கு வடபாங்கு, தென்பாங்கு என்று தனி மரபு இருக்கிறது, வாசாப்பு என்ற கத்தோலிக்க நாடகம் இருக்கிறது. எங்கள் மூன்று நடுவருக்கும் அதில் காது பழகவில்லை. பழகாத காதோடு போய் இருந்து புள்ளி போடுவது அந்த ஆட்களுக்குச் செய்கிற அநியாயம். ஆகவே எங்களால் இருந்து பார்க்கக்கூடிய அளவுக்கு எல்லையைச் சுருக்கிக்கொண்டோம். மன்னாரில் ஒரு வாசாப்புக்கு விருந்தினராகப் போய், அவர்கள் தாங்களாகவே இப்படி ஒன்று தொடங்கினால் எங்கள் கணக்குப் புத்தகம் முதற்கொண்டு காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

சில கூத்துகளைப் போட்டிக்குள் எடுக்கவே கூடாது. இதை எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒரு கோயில் பரிபாலன சபை. காத்தவராயன் கூத்தைப் பல ஊர்களில் அம்மாளுக்கு நேர்த்திக்கடன் வைத்துத்தான் ஆடுவார்கள். அனுமதி கேட்டுப் போனபோது தலைவர் மரியாதையாகச் சொன்னார்: "வாங்கோ, பாருங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ. மார்க் மட்டும் போட வேண்டாம். இது அம்மாளுக்கு ஆடுறது." நாங்கள் போனோம், பார்த்தோம், கொப்பியைத் திறக்கவில்லை. இப்போது ஒவ்வொரு வருடமும் முதற் கேள்வியே, 'இது நேர்த்தியா, போட்டிக்கு எடுக்கலாமா?' என்பதுதான்.

போட்டிக்கு வந்த காத்தவராயனும் எங்களை விடவில்லை. டோனியில் நாடகத்துக்கு ஒரு பக்கம், இசை நாடகத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நாங்களும் 'நாடகம்', 'இசை நாடகம்' என்று இரண்டாகப் பிரிக்கப் போனோம். எங்கள் ஊரில் பாட்டு இல்லாத பழைய நாடகம் எங்கே இருக்கிறது? கூத்தில் பாட்டும் ஆட்டமும் பேச்சும் ஒரே கயிறு. இசை நாடகம் என்று நாங்கள் சொல்வது வேறு. ஆர்மோனியம், மிருதங்கத்தோடு இராகம் பிடித்துப் பாடுவது, நடிகமணி வி. வி. வைரமுத்து ஆடிய அரிச்சந்திர மயான காண்டத்தைப் போல. காத்தவராயன் இரண்டுக்கும் நடுவில், சிந்துப் பாட்டுக்கு அடியெடுத்து ஆடுகிற சிந்துநடையில் நிற்கிறது. எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, ஆடுபவர்களிடமே கேட்டோம். "சிந்துநடை தனி" என்றார்கள். சரி, தனியாக வைத்தோம். இப்போது நான்கு பகுதி: கூத்து, சிந்துநடை, இசை நாடகம், சமூக நாடகம்.

'சிறந்த நடிகர்' என்பதுதான் எங்களைக் கூடுதலாக யோசிக்க வைத்தது. சினிமாவில், பிராட்வேயில் ஒரு பாத்திரத்துக்கு ஓர் ஆள். எங்கள் கூத்தில் அப்படி இல்லை. காத்தவராயன் சின்னப் பிள்ளையாக வரும்போது ஒருவர், வளர்ந்து வரும்போது இன்னொருவர், தான் விரும்பிய ஆரியப்பூமாலைக்காக அலையும்போது வேறொருவர், கழுமரம் ஏறும்போது கடைசி ஆள். விடியப்புறம் கழுவேறுகிறவருக்குச் சனம் அழும், கும்பிடும். அந்த அழுகையின் பாதி, இரவு பதினொரு மணிக்கு வந்துபோன முதற்காத்தானுடையது. அவன் ஆடியதால்தான் கடைசிக் காத்தான் மேலே ஏறும்போது எங்களுக்கு நெஞ்சு பதறுகிறது. முதல் வருடம் நாங்கள் கடைசிக் காத்தானுக்குக் கேடயத்தைக் கொடுத்தோம். அவர் மேடையிலேயே திரும்பி, கீழே இருந்த மற்ற மூன்று பேரையும் பார்த்தார். அந்தப் பார்வை போதும். இப்போது பாத்திரத்துக்குத்தான் விருது. காத்தவராயன் என்று அறிவித்தால் நாலு பேரும் ஏறி வருவார்கள். பதினொரு வயதுப் பொடியனிலிருந்து ஐம்பது வயதுக்காரர் வரை. படம் எடுக்கிற தம்பி கொஞ்சம் பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஒலிக்கு ஒரு விருது வைத்தது அக்காவின் மகள் சொன்ன ஒரு கதையால். டோனியில் 2014 இல் ஒலி வடிவமைப்புக்கான விருதை நிறுத்தினார்களாம். ஒலிக் கலைஞர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்து, 2018 விழாவில் அது திரும்பி வந்தது. எங்கள் பக்கத்தில் சவுண்ட்காரப் பொடியனை யாரும் கலைஞன் என்று நினைப்பதில்லை. ஆனால் எத்தனை நல்ல ஆட்டக்காரரை மைக் கெடுத்திருக்கிறது! மேடைக்கு நடுவில் ஒரு மைக்கைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். ஆடி வருகிறவர் பாட்டு வந்ததும் ஓடிப்போய் அதற்குக் கீழே நின்று, அண்ணாந்து பாடிவிட்டுத் திரும்ப ஓடுவார். கால் நின்றுவிடும். சலங்கை நின்றுவிடும். அரசன் வரவு மைக்கைத் தேடுகிற வரவாகிவிடும். விசுவமடுப் பக்கம் ஒரு பொடியன், ஒத்திகைக்கு மூன்று நாள் போய் இருந்து ஆட்டம் எங்கெங்கே சுற்றுகிறது என்று பார்த்து, நாலு மைக்கைக் கூத்து ஆடுகிற களரியின் நாலு பக்கமும் பதித்து வைத்தான். அன்று ஆடியவர்கள் மைக்கை மறந்து ஆடினார்கள். ஆட்டமே வேறு மாதிரி இருந்தது. அவனுக்குக் கொடுத்த விருதுக்கு அவனுடைய அப்பா வந்து அழுதார். மகன் கலியாண வீட்டுக்குப் பாட்டுப் போடுகிறவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாராம்.

ஒரு பகுதிக்கு ஒரே ஒரு குழு வந்தால் என்ன செய்வது? இசை நாடகத்தில் எங்களுக்கு அடிக்கடி இது நடக்கும். வந்தவர்களுக்கே தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். 2021 இல் நடந்த டோனி விழாவில் இசை நாடகத்தின் முதன்மை நடிகருக்கு ஒரே ஒருவர்தான் தெரிவாகியிருந்தார். கொரோனாவால் அரங்குகள் பூட்டிக் கிடந்த வருடம் அது. தனி ஆள் என்றாலும், வாக்களித்தவர்களில் 60 சதவீதம் பேர் ஓம் என்றால்தான் அவருக்கு விருது என்று வைத்தார்கள். நாங்களும் அதைப் பிடித்துக்கொண்டோம். ஒரே குழு என்றால் மூன்று நடுவரில் இருவராவது 'இது விருதுக்கு உரியது' என்று எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். ஒரு வருடம் வைக்கவில்லை, இசை நாடக விருது கொடுக்கவில்லை. அந்தக் குழு எங்களோடு ஆறு மாதம் கதைக்கவில்லை. அடுத்த வருடம் புது ஆர்மோனியக்காரரோடு வந்தார்கள். அந்த வருடம் மூன்று நடுவரும் கையொப்பம் வைத்தார்கள்.

விழாவை எப்போது வைப்பது என்பதைக் கலண்டரைப் பார்த்து முடிவெடுக்காமல் வயலைப் பார்த்து எடுக்க வேண்டும். தை, மாசியில் காலபோக அறுவடை. பங்குனியிலிருந்து கோயில் திருவிழாக்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். கடல்நீரில் விளக்கெரிகிற அந்தப் பொங்கலுக்கு முன்னும் பின்னும் எங்கள் பக்கத்தில் வேறு கதைக்கு இடமில்லை. ஐப்பசி பிறந்தால் மழை. சிறுபோகம் வெட்டி முடித்து, காலபோக விதைப்புத் தொடங்க முன்னர், புரட்டாதியில் இரண்டு கிழமை கிடைக்கும். அதில் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடிப்பது. கடைசி பஸ்ஸுக்கும் யானைக்கும் முதல் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும்.

ஏழு மணிக்குள் முடிக்க வேண்டுமானால் பேச்சைக் குறைக்க வேண்டும். முதல் வருடம் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று பதினொரு பேர் பேசினார்கள். கலைஞர்கள் வந்தார்கள், வாங்கினார்கள், படத்துக்கு நின்றார்கள், இறங்கினார்கள். எந்தக் குரலுக்காக விருது கொடுத்தோமோ அந்தக் குரல் அன்றைக்கு மண்டபத்தில் கேட்கவே இல்லை. இப்போது பிரதம விருந்தினர் மட்டும் பேசுவார், அதுவும் ஏழு நிமிடம். ஏற்புரை இல்லை. விருது வாங்குகிறவர் தன் பாத்திரம் களரிக்கு வரும்போது பாடுகிற வரவுத் தருவைப் பாடுவார், அல்லது தன் வாத்தியத்தை வாசிப்பார். டோனி விழாவில் பேச்சு நீண்டால் இசையை எழுப்பி நிறுத்துவார்களாம். எங்கள் மேடையில் மத்தளம் எழும்பினால் வரவு தொடங்குகிறது என்று அர்த்தம். எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் கையில் ஊன்றுகோலோடு ஏறி, மத்தளம் கேட்டதும் ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு நாலு அடி வைத்தார்.

கேடயத்தைப் பற்றி. பெயரைப் பொறிக்க முன்னர் அந்த ஆளிடமே எழுதிக் கேளுங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்துப் பிழைத்துப்போய், ஒருவருக்கு அவருடைய தம்பியின் கேடயம் போன மாதிரி ஆனது எங்களுக்கு நடந்திருக்கிறது. பிற்பாடு கேடயத்தைச் சின்னதாக்கிவிட்டு, மிச்சக் காசில் தேவைப்பட்ட பொருளைக் கொடுக்கத் தொடங்கினோம். மத்தளக்காரருக்குத் தோல் மாற்றிக் கொடுத்தோம், இன்னொருவருக்குச் சலங்கை, உடுப்புத் தைக்கிற அக்காவுக்கு மெஷினுக்கு மோட்டார். ஒரு வருடம், மறைந்துபோன ஓர் அண்ணாவியாரின் கூத்தை இரண்டு வருடமாக உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதி முடித்த ஒரு பிள்ளைக்கு, அந்தக் கொப்பியைத் தட்டச்சுச் செய்து மூன்று பிரதி கட்டிக் கொடுத்தோம். ஒன்று அவளிடம், ஒன்று கோயிலில், ஒன்று எங்கள் அலுமாரியில். நாங்கள் கொடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

2020 இல் விழா இல்லை, கூத்தும் இல்லை. 2022 இல் கூத்து இருந்தது, பெற்றோல் இல்லை. பெற்றோல் பங்கீட்டுக் கியூஆர் கோட்டில் கிடைத்த நாலு லீற்றரில் மூன்று நடுவரை எங்கே கொண்டுபோவது? அந்த வருடம் விழாவை விட்டுவிடலாமா என்று கூட்டம் கூடினோம். ஆசிரியை சொன்னார், இரவுக்குப் போய் இரவே திரும்பினால்தானே எண்ணெய், போன ஊரில் இரண்டு நாள் நின்றால் என்ன என்று. நின்றார்கள். ஊர்ச் சனம் சோறு போட்டது, பாய் போட்டது. ஒத்திகையும் பார்த்தார்கள், கூத்தும் பார்த்தார்கள், அடுத்த நாள் உடுப்பு வெயிலில் காய்வதையும் பார்த்தார்கள். அந்த வருடத்து அவதானிப்புக் கொப்பிதான் எங்களிடம் இருப்பவற்றில் ஆகத் தடித்தது.

அந்த அண்ணாவியாரின் கதையை முடிக்கவில்லை. இரண்டாம் வருடம் பங்குனியில் அவருடைய கோயில் வாசலில் நாங்கள் பாய் போட்டு இருந்தோம். அவர் எங்களைப் பார்த்ததாகவே காட்டவில்லை. மூன்றாம் சாமத்தில் பாதிச் சனம் நித்திரை. குழந்தைகள் தாய்மாரின் மடியில். அவர் மட்டும் கைத்தாளத்தோடு களரியின் ஓரத்தில், ஒவ்வொரு ஆட்டக்காரனின் காலையும் பார்த்துக்கொண்டு, ஆட்டம் தளரும் இடத்திலெல்லாம் தாளத்தை ஒரு நூல் இறுக்கிக்கொண்டு நின்றார். இருபது நிமிடத்தில் அது தெரிந்திருக்காது. விடிந்தது. மங்களம் பாடியாயிற்று. தாளத்தை மடியில் செருகிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார்.

"இனிச் சொல்லுங்கோ. எங்க பிழை?"

கூத்துக்கார நடுவர் சொன்னார், நடுச்சாமத்துக்குப் பிறகு மத்தளம் இறங்கிவிட்டது, பனிக்குத் தோல் தொய்ந்துவிட்டது, இடையில் ஒருமுறை சூடு காட்டியிருக்கலாம் என்று. அண்ணாவியார் தலையை ஆட்டினார். "ஓம். நானும் கவனிச்சனான்" என்றார். அந்த வருடம் அவருக்கு விருது கிடைக்கவில்லை. குமுழமுனைப் பக்கத்து அண்ணாவியார் ஒருவருக்குப் போனது. இவர் விழாவுக்கு வந்து கடைசிவரை இருந்து, அந்த மனிசனின் கையைப் பிடித்துக் கதைத்துவிட்டுத்தான் போனார்.

இப்போது அவருக்கு ஆட முடிவதில்லை, பழக்கவும் முடிவதில்லை, மூச்சு வாங்குகிறது. முள்ளியவளை அம்மாவும் மகளோடு வவுனியாவுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு நடுவராக வருவீர்களா என்று போன மாதம் அண்ணாவியாரிடம் கேட்கப் போனேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வாறன். ஆனா ஒண்டு" என்றார். "காப்புப் பாட முதல் என்னைக் கொண்டுபோய் இருத்திப்போடவேணும். வானுக்கு இப்பவே சொல்லிவையுங்கோ."

வானுக்குச் சொல்லிவிட்டேன்.